கற்பகத்தின் சென்னைச் சம்பளம்

பூசாரி இரண்டு பொட்டலங்களையும் அம்மன் காலடியில் வைத்துவிட்டு, "கொழந்தைய முன்னால வரச் சொல்லுங்க" என்றார்.

என் மகள் பவித்ரா அப்போது நாலாம் வகுப்பு. தலைக்கு ஊற்றி, முடி காய்வதற்குள் தளரப் பின்னிக் கூட்டி வந்திருந்தோம். கற்பூரப் புகை கண்ணில் பட்டு அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. தரைக்கல் ஜில்லென்று இருந்ததால் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்து நின்றாள்.

வெற்றிலையில் மடித்து வாழைநாரால் கட்டிய பொட்டலங்கள். ஒன்றுக்குள் வெள்ளை அலரி, இன்னொன்றுக்குள் சிவப்பு அலரி. எங்கள் பக்கத்தில் இதைப் பூக்கட்டிப் பார்ப்பது என்பார்கள். பெண் எடுப்பதோ, மனை வாங்குவதோ, ஆபரேஷன் செய்துகொள்வதோ, மனசு இரண்டாக நிற்கும்போது அம்மனிடமே கேட்டுவிடுவோம். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். விவரம் அறியாத குழந்தைதான் எடுக்க வேண்டும்.

நாங்கள் கேட்டது இதுதான்: என் மனைவி கற்பகம் ஆரணி வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு நர்ஸ் வேலைக்குப் போகலாமா, வேண்டாமா?

பவித்ரா குனிந்து ஒன்றை எடுத்தாள். பூசாரி நாரைப் பிரித்தார்.

வெள்ளை.

இரண்டு வேலைக்காரி

இந்தத் தொடரில் இதுவரை வந்த வாரங்களில் என் தறியைப் பற்றியும் எங்கள் தெருவைப் பற்றியும் எழுதினேன். கற்பகத்தைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. "உங்க வீட்டம்மா இன்னா பண்றாங்க?" என்று கடைத்தெருவில் பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல மனசுக்குத் தெம்பு வரட்டும் என்று இருந்தேன்.

அவள் நெசவுக் குடும்பம் இல்லை. போளூர் பக்கம் பயிர் வைக்கிற வீடு. வேலூரில் தங்கி நர்சிங் டிப்ளமோ படித்தவள். நான் பத்தாவதோடு நின்றவன். பெண் பார்க்கப் போனபோது அவளுடைய அண்ணன் ஏழுமலை என்னை ஓரமாக அழைத்துப்போய், "எங்க தங்கச்சி வேலைக்குப் போவும் மாப்ள, அத நிறுத்தக் கூடாது" என்றார். நான் எதற்கு நிறுத்தப் போகிறேன்? ஊசி போடத் தெரிந்த பெண் வீட்டுக்கு வருகிறாளே என்று எனக்குப் பெருமைதான்.

கல்யாணமான பிறகு ஆரணியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்ந்தாள். பத்துப் படுக்கை, ஒரு பிரசவ அறை. சம்பளம் பத்தாயிரத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. வருடங்கள் போயின, பிரசவ அறைக்கு ஏ.சி. வந்தது, அவள் சம்பளம் மட்டும் ஏறவில்லை. கேட்டால் டாக்டரம்மா, "கற்பகம், நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி" என்பாராம்.

"நம்ம வீட்டுப் பொண்ணுனா சோறு போடணும் இல்ல, காசும் குடுக்கணும் இல்ல. ரெண்டும் இல்லாம இன்னா பொண்ணு?" என்று வீட்டுக்கு வந்து சிரிப்பாள்.

ஆனால் வெறுங்கையோடு அவள் வீட்டுக்கு வந்ததும் கிடையாது. பிரசவம் பார்த்த வீட்டுக்காரர்கள் முருங்கைக்காய் கொடுப்பார்கள். கலசப்பாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கட்டுப் போட வரும்போதெல்லாம் ஒரு பை வேர்க்கடலை கொண்டுவந்து கொடுப்பார். கீரை, பூசணிக் கீற்று, சீம்பால் என்று ஏதாவது ஒன்று அவள் கைப்பையோடு வரும். இதை நாங்கள் வருமானமாக நினைத்ததே இல்லை. அம்மன் படியளக்கிறாள் என்று விளக்கருகே வைத்துவிட்டு எடுத்துச் சமைப்போம்.

டூட்டி முடிந்து வந்தால் முகம் கழுவுவாள், விளக்கேற்றுவாள், டீ போடுவாள். அப்புறம் ராட்டை முன்னால் உட்கார்ந்து தார் சுற்றுவாள். தார் என்பது, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சி. அதில் பட்டு நூலைச் சுற்றிக் கொடுத்தால்தான் நான் ஊடை, அதாவது குறுக்கு இழை, ஓட்ட முடியும். நெடுக்கே கட்டிய பாவு இழை அறுந்தால் எதிரே வந்து குனிந்து பிணைத்துக் கொடுப்பாள். நரம்பு தேடிப் பழகிய விரல். எனக்குத் தெரியாத இழைகூட அவளுக்குத் தெரியும்.

கூலி யாருக்கு?

வெளியூர்க்காரர்களுக்காக இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தொழிலில் கூலி ஆளுக்கு இல்லை, புடவைக்கு. தறியிலிருந்து புடவையை இறக்கி, மடித்து, பட்டு கொடுக்கிற முதலாளியின் கடைக்கு எடுத்துப் போனால் அதற்குரிய கூலியைக் கொடுப்பார். தார் சுற்றியது யார், இழை பிணைத்தது யார், பாவு நீட்டும்போது மறுமுனையைப் பிடித்தது யார் என்று அவர் கேட்க மாட்டார். நாங்களும் சொல்ல மாட்டோம். என் அப்பா காலத்திலும் இப்படித்தான். புடவை வீட்டில் நெய்தது, காசு வீட்டுக்கு வந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தூங்குகிற இடத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் வேலை. வேலைக்குப் போக பஸ் காசு, வேலை செய்யும் ஊரில் வாடகை என்பதெல்லாம் எங்கள் கணக்கில் வந்ததே இல்லை. அப்படி ஒரு செலவு இருக்கும் என்பது தெரியும். எவ்வளவு இருக்கும் என்பது தெரியாது.

மச்சான் போட்ட கணக்கு

கற்பகத்தோடு வேலூரில் படித்த ரெஜினா சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒருநாள் போன் செய்தாள்.

"ஏண்டி, இன்னும் அந்தப் பத்துப் படுக்கையையே சுத்திகினு இருக்கற? இங்க ஐ.சி.யூ.வுக்கு ஆள் எடுக்கறாங்க. நீ வாங்கறதப் போல ரெண்டு பங்குக்கு மேல தருவாங்க."

கற்பகம் அன்று "பாக்கறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். மறுநாள் தார் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு ஆசயில்ல மாமா. ஆனா பாப்பா நேத்து என் பக்கத்துல குந்திகினு, 'நானும் சுத்தறேன்மா, குடு'ன்னு கேக்குது. எம் பொண்ணு ராட்டை முன்னாடி உக்காரக் கூடாது. அது படிக்கணும். என்னவிடப் பெரிய படிப்பு படிக்கணும். நீங்க வாங்கற கூலியிலயும் நான் வாங்கற சம்பளத்துலயும் அது ஆவாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை மச்சான் போளூரிலிருந்து வந்தார். லாரி ஓட்டுபவர், நாலு ஊர் பார்த்தவர். சாப்பிட்டுக் கை கழுவும்போதே கணக்கை ஆரம்பித்துவிட்டார்.

"இதுல யோசிக்க இன்னா இருக்குது மாப்ள? சம்பளம் ரெட்டிப்புக்கு மேல. அதுல ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் பாதி போவட்டும். மிச்சம் பாதி இன்னா? இங்க வாங்கற முழுச் சம்பளத்துக்கு மேல ஆச்சி. இங்க ஒரு ஆள் சாப்பாடு மிச்சம். உன் தறி பாட்டுக்கு ஓடும். எப்படிப் பார்த்தாலும் லாபம்."

"வீட்ட யாரு பாக்கறது?" என்றாள் கற்பகம்.

"இவரு எங்க போறாரு? தறிக் குழிக்குள்ள காலத் தொங்கப் போட்டுகினு வீட்லதான் இருக்காரு. சோறாக்கத் தெரியாதா? ஒலய வெக்கறதுக்கு டிப்ளமோவா படிக்கணும்?"

எல்லோரும் சிரித்தோம். எனக்கும் கணக்கு சரியாகத்தான் பட்டது. இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. அதனால்தான் அம்மனிடம் போனோம்.

வெள்ளைப் பூ வந்ததும் கற்பகம் கண்ணை மூடிக் கும்பிட்டபடி நின்றாள். பிரகாரம் சுற்றும்போது மெதுவாகச் சொன்னாள்: "செவப்பு வரும்னு நெனச்சிகினு வந்தேன்."

அம்மனை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் கேட்டதற்கு அவள் பதில் சொன்னாள். போகலாமா என்று மட்டும்தான் கேட்டோம். போன பிறகு என்ன ஆகும் என்று கேட்கவில்லை.

இரண்டாவது மாடியில் குழி

மாசி மாதம் கற்பகம் போனாள். ஆஸ்பத்திரிக்கு ஒரு பஸ் தூரத்தில் பெண்கள் ஹாஸ்டல். ஒரு அறையில் நாலு பேர். சாப்பாட்டுக்கும் சேர்த்து மாதக்காசு கட்ட வேண்டும். நைட் டூட்டி முடிந்து அவள் வரும்போது இட்லி தீர்ந்திருக்கும். அதனால் வெளியே வாங்கித் தின்பாள். தின்னாத இட்லிக்கும் காசு, தின்ற இட்லிக்கும் காசு. குடிக்கிற தண்ணீருக்குக் கேன் பங்கு. நைட் டூட்டிக்கு பஸ் தப்பினால் ஷேர் ஆட்டோ.

"இங்க கருவேப்பிலைக்குக்கூட காசு கேக்கறாங்க மாமா" என்று போனில் சொன்னாள். "எனக்கு யாரும் முருங்கைக்காய் குடுக்கல. பேஷண்டுக்கு என் பேரே தெரியாது. 'சிஸ்டர்'தான். டிஸ்சார்ஜ் ஆனா திரும்பிப் பாக்காம போறாங்க."

பிரிந்து இருப்பதற்குப் பதில் எல்லோரும் சென்னைக்கே போய்விட்டால் என்ன என்று தோன்றியது. பள்ளிக்கூடத்துக்குப் பெரிய லீவு விட்டதும் பவித்ராவைக் கூட்டிக்கொண்டு வீடு பார்க்கப் போனேன். கற்பகம் டூட்டி முடிந்து, தூங்காத கண்ணோடு எங்களுடன் வந்தாள்.

புரோக்கர் ஒரு வீட்டைக் காட்டினார். இரண்டாவது மாடி. ஒரு அறை, ஒரு சமையல் மூலை. அதன் வாடகையைக் கேட்டு, மூன்று மாதத்துக்குச் சேர்த்துச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். மாதத்துக்குத்தான் சொன்னார்.

"நமக்குக் கீழ் வீடுதாங்க வேணும். தறி போடணும், குழி தோண்டணும்" என்றேன்.

"இன்னாது, குழியா?"

"கால் தொங்கவிட்டு உக்கார்றதுக்கு."

புரோக்கர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், சென்னையில சமாதிக்கே குழி கெடைக்கல. ஓனர் ஆணி அடிச்சாலே கத்துவாரு. இங்க குழி தோண்டினா உங்க காலு கீழ் வீட்டுக்காரன் சாம்பார்ல இருக்கும்."

பவித்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். கற்பகமும் சிரித்தாள். படி இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் அப்படி அவள் பிடித்ததே இல்லை.

தறியை விட்டுவிட்டு நான் செக்யூரிட்டி வேலைக்குப் போகலாமா என்றும் விசாரித்தேன். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். அந்தச் சம்பளம் அந்த ஒரு அறையின் வாடகைக்கும் பவித்ராவின் பள்ளிக்கூட வேனுக்கும் போய்விடும். அப்புறம் கற்பகத்தின் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிட வேண்டும். ஆரணியில் இருந்ததைவிடக் கீழேதான் போவோம்.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பிவிட்டோம். பஸ்ஸில் பவித்ரா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். காஞ்சிபுரம் தாண்டியதும் கேட்டாள்.

"அப்பா, நான் அந்தப் பக்கம் இருந்தத எடுத்திருந்தா செவப்பு வந்திருக்கும் இல்ல?"

"எதும்மா?"

"கோயில்ல. அத எடுத்திருந்தா அம்மா போயிருக்காது இல்ல?"

விவரம் அறியாத குழந்தை என்று நினைத்துத்தான் அவளை எடுக்க வைத்தோம். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "அது நீ எடுக்கலடா கண்ணு, அம்மன் எடுத்துக் குடுத்தா" என்றேன். தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆடி வெள்ளி

ஆடி மாதத்தில் இரண்டு நாள் லீவு கிடைத்துக் கற்பகம் வந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்து, கழுத்தெலும்பு தெரிந்தது. படவேட்டம்மனுக்குப் பொங்கல் வைத்து, கூழ் ஊற்றி, எல்லாம் ஆன பிறகு தறியோரம் வந்து உட்கார்ந்தாள். பாவைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"நான் போனதுலேருந்து மாசத்துக்கு எத்தினி பொடவ இறக்கறீங்க?"

"ரெண்டு. அதுவும் இழுத்துப் பறிச்சி."

"முன்னாடி?"

"மூணு."

"ஏன் கொறஞ்சுது?"

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "ஏன்னா? சோறாக்கணும், பாப்பாவ அனுப்பணும், துணி தொவைக்கணும். தார் சுத்த முனியம்மாவ வெச்சிருக்கேன், அதுக்கு வாராவாரம் கூலி குடுக்கணும். அது வர்ற வரிக்கும் நாடாவக் கையில வெச்சிகினு உக்காந்திருக்கணும்."

"அப்ப அந்த மூணாவது பொடவய யாரு நெய்துகினு இருந்தது?"

நான் வாயைத் திறந்தேன். 'நான்தான்' என்று சொல்ல வந்தவன், ஓரத்தில் கிடந்த காலித் தார்களைப் பார்த்தேன்.

"நானு மாமா" என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரில ஒரு சம்பளம், இங்க அரைச் சம்பளம். ஒன்றரை சம்பளக்காரிய ஒரு சம்பளக்காரின்னு நெனச்சி எல்லாருமா சேந்து அனுப்பிட்டோம். நானும்தான் அப்டி நெனச்சேன்."

அவள் அனுப்புகிற பணத்தையும், எனக்குக் குறைந்த ஒரு புடவைக் கூலியையும், முனியம்மாவின் கூலியையும் வைத்து வாயாலேயே போட்டுப் பார்த்தோம். அவள் ஆரணியில் இருந்தபோது என்ன மிச்சமானதோ, அதைவிட ஒரு நூல் அளவுதான் கூட இருந்தது. பவித்ரா பெயரில் ஏதோ சேரும் என்று நினைத்தோமே, அந்த இடம் காலியாகத்தான் இருந்தது.

"வந்துடு" என்றேன்.

அவள் அப்போதே புடவை மாற்றிக்கொண்டு பழைய நர்சிங் ஹோமுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்ன சுரைக்காய் இருந்தது. வழியில் யாரோ பழைய பேஷண்ட் கொடுத்ததாம். அதை நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"என் எடத்துல ரெண்டு பொண்ணுங்கள போட்டிருக்காங்க. கோர்ஸ் முடிச்ச கையோட வந்ததுங்க. ரெண்டு பேருக்கும் சேத்து எனக்குக் குடுத்தத விடக் கொஞ்சம்தான் கூட. 'எடமில்ல கற்பகம், நீ நம்ம வீட்டுப் பொண்ணு, தப்பா எடுத்துக்காத'ன்னு டாக்டரம்மா டீ வாங்கிக் குடுத்தாங்க."

சாப்பிடும்போது இன்னொன்றும் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் இருந்தால் மஸ்கட்டுக்கு, குவைத்துக்கு எடுப்பார்களாம். அங்கே தங்குமிடம் இலவசமாம். ரெஜினா அதற்குத்தான் காத்திருக்கிறாளாம்.

"தூரமா போவப் போவத்தான் காசு நிக்குது போலக்குது" என்றாள்.

நான் மோர் ஊற்றிக்கொண்டேன். விடிந்ததும் சென்னை பஸ் ஏறினாள்.

ராட்டைச் சத்தம்

ஐப்பசி அடைமழையில் முனியம்மா வேலையை விட்டுவிட்டாள். செய்யாறு பக்கம் ஏதோ கம்பெனிக்கு வேன் வந்து ஆள் ஏற்றுகிறது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இன்னும் நாலு வீட்டில் கேட்டுப் பார்த்தேன். யாரும் வரவில்லை. இரண்டு நாள் நானே சுற்றி நானே நெய்தேன். மூன்றாம் நாள் சமையல் முடித்துவிட்டு வருவதற்குள், அடுக்கி வைத்தாற்போல் ஐந்து தார் தறியோரம் தயாராக இருந்தது.

"யாரும்மா சுத்தினது?"

"நான்தாம்ப்பா. வீட்டுப்பாடம் முடிச்சிட்டுத்தான் சுத்தினேன்."

"வேணாம்டா. அம்மாவுக்குத் தெரிஞ்சா திட்டும்."

"தெரியாது. அம்மா ஏழு மணிக்குதான போன் பண்ணும்? அதுக்குள்ள முடிச்சிடுவேன்."

ஐந்து தாரையும் பார்த்தேன். கொஞ்சம் மேடு பள்ளம். ஆனால் ஓடும். முதலாளி புடவை கேட்டுக்கொண்டிருந்தார். நான் அதை எடுத்து நாடாவில் மாட்டினேன். மறுநாளும் மாட்டினேன். அந்த மாதம் மூன்று புடவை இறங்கியது. முனியம்மாவின் கூலியும் மிச்சம். மச்சான் போட்ட கணக்கு அந்த மாதம்தான் முதல் தடவையாகச் சரியாக வந்தது.

அந்த மாதத்தில் ஒருநாள் சாயங்காலம், டூட்டி மாறியதால் கற்பகம் ஆறு மணிக்கே கூப்பிட்டுவிட்டாள். போனைக் காதில் வைத்தபடி பேசினேன். மழை, சாப்பாடு, கார்த்திகைக்கு லீவு கிடைக்குமா கிடைக்காதா என்று பேச்சு போனது. நடுவில் அவள் நிறுத்தினாள்.

"அது இன்னா சத்தம்?"

"எது?"

"ராட்டை சுத்துதே. முனியம்மா திரும்பி வந்துடுச்சா?"

"இல்ல" என்றேன். பவித்ராவுக்கு நாங்கள் பேசுவது கேட்கவில்லை. வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சுற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கம் வண்டிகள் போகிற சத்தம் மட்டும் வந்தது. அழுகிறாளோ என்று காதை அழுத்திக் கேட்டேன். அழவில்லை. பேசியபோது, பேஷண்ட் வீட்டாரிடம் மாத்திரை வேளை சொல்வாளே, அந்தக் குரலில் பேசினாள்.

"பட்டு ஓடி ஓடி வெரல அறுக்கும் மாமா. சின்னக் கை. பழைய வேட்டி இருந்தா மெல்லிசா ஒரு துண்டு கிழிச்சி, ஆள்காட்டி வெரல்ல சுத்தி வுடுங்க. முடிச்சி உள்பக்கம் வரக் கூடாது. டெய்லி மாத்துங்க. ஈரத்தோட விடாதீங்க."

"சரி" என்றேன்.

"இப்பவே பண்ணுங்க. நான் லைன்ல இருக்கறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தறிமேல் வைத்துவிட்டு வேட்டியைக் கிழித்தேன். பவித்ராவின் விரலைப் பிடித்துப் பார்த்தபோது ஏற்கெனவே ஒரு கோடு சிவந்திருந்தது. துணியைச் சுற்றினேன். இறுக்கமாகிவிட்டது போலிருந்தது, அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.

"முடிச்சி வெளிப்பக்கம்தான?" என்றது போன்.

"ஆமா. வெளிப்பக்கம்தான்."